தமிழ்நாடு தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை

தமிழ்நாடு தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை என்பது பழங்கள், காய்கறிகள், மலர்கள், நறுமணப் பயிர்கள், மலைத்தோட்டப் பயிர்கள், மருந்துச் செடிகள் ஆகியவற்றின் சாகுபடியை மேம்படுத்துவதற்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் துறை ஆகும். இது 1979 ஆம் ஆண்டு வேளாண்மை இயக்ககத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி இயக்ககமாக அமைக்கப்பட்டது. இதன் தலைமையிடம் சென்னை. தலைமைச் செயலகத்தில் இது வேளாண்மை – உழவர் நலத் துறையின் கீழ் வருகின்றது. அத்துறை 2021 ஆம் ஆண்டு வரை வேளாண்மைத் துறை என்றே அழைக்கப்பட்டது.

பொதுமக்களில் பெரும்பாலோர் இத்துறையை உதகமண்டலம் மலர்க் காட்சியின் மூலமாகவே அறிவர். ஆயின் இதன் அலுவலர்களில் பெரும்பகுதியினர் பூங்காக்களில் அல்லாமல் வட்டார அலுவலகங்களிலேயே பணிபுரிகின்றனர். அவர்களுடைய அன்றாட வேலை கன்று, மானியம், கள ஆய்வு ஆகிய மூன்றையும் சுற்றியது. இக்கட்டுரை துறையின் பொது அமைப்பைக் கூறுவதுடன், திருவள்ளூர் மாவட்டத்தின் ஊத்துக்கோட்டைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு வட்டார அளவில் நடைபெறும் பணியையும் விளக்குகின்றது.

பெயரும் எல்லையும்

தோட்டக்கலைப் பயிர் எது, வேளாண் பயிர் எது என்னும் பிரிவினை தாவரவியலைப் பின்பற்றியது அன்று. நிர்வாக வசதியைப் பின்பற்றியது. நெல், சிறுதானியம், பயறு, நிலக்கடலை, எள், கரும்பு, பருத்தி ஆகியவை வேளாண்மை இயக்ககத்திற்கு உரியவை. மா, வாழை, கொய்யா, கத்தரி, வெண்டை, மல்லிகை, மஞ்சள், மிளகாய், மரவள்ளி, தர்ப்பூசணி, வெற்றிலை, முந்திரி ஆகியவை தோட்டக்கலைக்கு உரியவை. தென்னை பார்வைக்குத் தோட்டப் பயிராகத் தோன்றினும் தமிழ்நாட்டில் அதன் வளர்ச்சித் திட்டங்களை வேளாண்மை இயக்ககமே செயற்படுத்துகின்றது. துறையின் பெயரில் மலைப்பயிர் என்னும் சொல் இடம்பெற்றிருந்தாலும் தேயிலைக்குத் தேயிலை வாரியமும், காப்பிக்குக் காப்பி வாரியமும், ஏலக்காய்க்கு நறுமணப்பொருள் வாரியமும் நடுவண் அரசால் தனித்தனியே அமைக்கப்பட்டுள்ளன.

இப்பிரிவினையின் விளைவை உழவரே முதலில் உணர்கின்றார். ஒரே கிணற்றுப் பாசனத்தில் நிலக்கடலையும் கத்தரியும் பயிரிடும் ஒருவர், கடலை விதைக்கு ஓர் அலுவலரையும் கத்தரி நாற்றுக்கு வேறோர் அலுவலரையும் நாட வேண்டியுள்ளது. இவ்வலைச்சலைக் குறைக்க ஒருங்கிணைந்த வேளாண்மை விரிவாக்க மையங்கள் கட்டப்பட்டு, இரு துறையினரும் ஒரே கூரையின் கீழ் அமர்த்தப்பட்டனர்.

வரலாறு

தமிழகத்தில் அரசு சார்ந்த தோட்டக்கலை முயற்சிகள் இத்துறையைவிட மிகப் பழமையானவை. சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835 ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்கா 1848 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, வில்லியம் கிரகாம் மெக்ஐவர் என்பவரால் வடிவமைக்கப்பட்டது. குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874 ஆம் ஆண்டிலும், கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா 1908 ஆம் ஆண்டிலும் உருவாயின. இவற்றின் தொடக்க கால நோக்கம் ஆங்கிலேயரின் உணவுக்கும் ஓய்வுக்கும் வேண்டியவற்றை வளர்ப்பதும், அயல்நாட்டுத் தாவரங்கள் இம்மண்ணில் நிலைக்குமா என்று சோதித்துப் பார்ப்பதும் ஆகும். சமவெளி உழவரின் மாந்தோப்பும் கத்தரிக் கொல்லையும் அந்த நோக்கத்துள் அடங்கவில்லை.

விடுதலைக்குப் பின் உணவுத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளில் வேளாண்மைத் துறையின் கவனம் முழுவதும் நெல்லின் மேல் இருந்தது. பசுமைப் புரட்சியால் தானிய உற்பத்தி உயர்ந்த பின்னரே பழமும் காய்கறியும் தனிக் கவனம் பெற்றன. 1971 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்ததும், 1979 ஆம் ஆண்டு தோட்டக்கலை தனி இயக்ககமானதும் இம்மாற்றத்தின் அடையாளங்களாகும்.

துறையின் அளவையும் இயல்பையும் பெரிதும் மாற்றியது 2005–06 ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய தேசிய தோட்டக்கலை இயக்கம் ஆகும். இதன் நிதியைக் கையாள்வதற்காகத் தமிழ்நாடு தோட்டக்கலை வளர்ச்சி முகமை என்னும் பதிவு பெற்ற சங்கம் ஏற்படுத்தப்பட்டிருந்தது. 2014–15 முதல் இவ்வியக்கம் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் பகுதியாயிற்று. தொடக்கத்தில் மாநிலத்தின் பங்கு சிறியதாக இருந்தது. 2015–16 முதல் நடுவண் அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கும் முறை வந்தது. இயக்கம் வருவதற்கு முன் துறை அலுவலர் பெரும்பாலும் அறிவுரை கூறுபவராக இருந்தார். வந்த பின்னர் அவர் மானியம் வழங்குபவராகவும் ஆனார். இவ்விரண்டு பணிகளும் ஒருவரிடமே சேர்ந்ததன் நன்மை தீமைகளைப் பின்னர்க் காண்க.

நடவுப் பொருள்

துறையின் பணிகளுள் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், ஆனால் மிக இன்றியமையாததும் தரமான கன்றுகளையும் நாற்றுகளையும் உற்பத்தி செய்தலே ஆகும். நெல் விதை தரமற்றதாயின் உழவர் ஒரு பருவத்தை இழக்கின்றார். அடுத்த பருவத்தில் வேறு விதையை நாடலாம். மாங்கன்றின் நிலை அத்தகையது அன்று. ஒட்டுக்கன்று காய்க்கத் தொடங்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முழுப்பலன் தர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். பங்கனப்பள்ளி என்று நம்பி நட்ட கன்று வேறு இரகம் என்பது முதற்காய் பழுக்கும்போதுதான் தெரியும். அதற்குள் உழவர் தண்ணீர், எரு, வேலி, காவல் என்று செலவிட்ட பணமும் ஆண்டுகளும் கழிந்துவிடுகின்றன. விற்றவரைத் தேடிச் செல்வதற்கும் வழியிராது.

மா விதையிலிருந்து முளைத்த கொட்டைக்கன்று தாய்மரத்தின் பண்புகளை அப்படியே கொண்டிருப்பதில்லை. எனவே நாட்டு மாங்கொட்டையை முளைக்கச் செய்து வேர்ச்செடியாகக் கொண்டு, அதன் மேல் விரும்பிய இரகத்தின் தண்டினை ஒட்டுகின்றனர். தாய்மரத்திற்கு அருகே வேர்ச்செடியைக் கொண்டுசென்று இணைக்கும் நெருக்கு ஒட்டு பழைய முறை; இளந்தண்டு ஒட்டு இப்போது பரவலாகப் பின்பற்றப்படுவது. எம்முறையாயினும் ஒட்டுத்தண்டு எந்த மரத்திலிருந்து வெட்டப்பட்டது என்பதே கன்றின் மதிப்பைத் தீர்மானிக்கின்றது. இதனாலேயே துறை தன் பண்ணைகளில் அடையாளம் காணப்பட்ட தாய்மரங்களைப் பராமரித்து வருகின்றது.

தமிழ்நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் உள்ளன. திருவள்ளூர் மாவட்டத்தில் செங்குன்றத்தை அடுத்த ஆத்தந்தாங்கலில் ஒரு பண்ணை உள்ளது. தனியார் நாற்றங்கால்களைத் தேசிய தோட்டக்கலை வாரியம் மதிப்பிட்டு அங்கீகாரம் அளிக்கின்றது. எனினும் அங்கீகாரம் பெறாத நாற்றங்கால்களும், வண்டியில் ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்போரும் ஏராளம். பண்ணைக் கன்று வாங்கும்போது பெறும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. இரகத்தின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாப் பயிருக்கும் அரசுப் பண்ணையே மூலம் என்று கருதுதல் தவறு. தமிழகமெங்கும் பயிரிடப்படும் குண்டுமல்லிக் கன்றுகளில் பெரும்பங்கு இராமநாதபுரம் மாவட்டத்தின் தங்கச்சிமடம் பகுதியிலிருந்தே வருகின்றது. அங்குள்ள கடலோர மணலில் வெட்டுத்துண்டுகள் எளிதில் வேர்விடுகின்றன. வாழையில் கிராண்ட் நைன் இரகத்தின் திசு வளர்ப்புக் கன்றுகளைத் தனியார் ஆய்வகங்கள் வழங்குகின்றன. முருங்கையில் மட்டும் நிலைமை நேர்மாறானது: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 என்னும் விதை முருங்கை தமிழ்நாட்டைக் கடந்து பல வெளிநாடுகளிலும் பயிரிடப்படுகின்றது.

ஊத்துக்கோட்டைப் பகுதி

ஊத்துக்கோட்டை, சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திரப் பிரதேச எல்லையை ஒட்டி ஆரணி ஆற்றங்கரையில் அமைந்த பேரூராட்சி ஆகும்; ஒரு வட்டத்தின் தலைமையிடமும் ஆகும். திருவள்ளூர் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களுள் எல்லாபுரம், பூண்டி ஆகிய இரண்டும் இப்பகுதியைச் சார்ந்தவை. தோட்டக்கலைத் துறையின் நிர்வாகம் வருவாய் வட்டத்தைப் பின்பற்றாமல் ஊராட்சி ஒன்றியத்தைப் பின்பற்றுவதால், உழவர் தம் ஊர் எந்த ஒன்றியத்தில் உள்ளது என்பதை அறிந்தே அலுவலகத்தை அணுக வேண்டும்.

மாந்தோப்புகள், குண்டுமல்லி, கத்தரி, வெண்டை, மிளகாய், தர்ப்பூசணி ஆகியவை இங்குள்ள தோட்டக்கலைப் பயிர்கள். மாவில் பங்கனப்பள்ளியே முதன்மையானது. விளைபொருள்களின் இயல்பான சந்தை சென்னை கோயம்பேடு ஆகும். இம்மொத்த விற்பனைச் சந்தை 1996 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. விளையும் இடத்திற்கும் விற்கும் இடத்திற்கும் இடையே சில மணிநேரப் பயணமே உள்ளமையால், மலரும் காய்கறியும் குளிர்பதனம் இன்றியே சந்தையை அடைகின்றன. இவ்வாய்ப்பு தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு இல்லை.

சென்னையின் அருகாமை தரும் இடர்களும் உண்டு. அவற்றுள் முதலாவது தண்ணீர். ஆரணி, கொசஸ்தலை ஆகிய இரு ஆறுகளின் நிலத்தடி நீர் நெடுங்காலமாகச் சென்னைக் குடிநீருக்கு எடுக்கப்பட்டு வருகின்றது. தாமரைப்பாக்கம், பூண்டி, மீஞ்சூர் முதலிய இடங்களில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கிணற்று வயல்கள் உள்ளன. மீஞ்சூர்ப் பக்கம் மிகையாக நீர் எடுத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. 2000களின் தொடக்கத்தில் ஏற்பட்ட கடும் வறட்சியின்போது வாரியம் உழவர்களின் பாசனக் கிணறுகளிலிருந்தும் விலைகொடுத்து நீர் பெற்றது. பயிரிடுவதைவிட நீரை விற்பது இலாபமாக இருந்த அக்காலத்தில் பலர் பயிரைக் கைவிட்டனர்; பயிர் இல்லாததால் கூலி வேலை இழந்தவருக்கு நீர் விற்ற பணத்தில் பங்கு ஏதும் இல்லை.

மற்றொரு முரணும் இங்குக் காணத்தக்கது. 1983 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அமைந்த தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய், ஊத்துக்கோட்டைக்கு அருகே தாமரைக்குப்பத்தில் தமிழக எல்லைக்குள் நுழைகின்றது. 1996 ஆம் ஆண்டு முதன்முறையாகக் கிருஷ்ணா நீர் இவ்வழியே வந்து பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்தது. ஆனால் அந்நீர் சென்னையின் குடிநீருக்கே உரியது. கால்வாய்க் கரையில் நிலமுள்ள உழவரும் தம் கிணற்றையே நம்பியிருக்க வேண்டும். இத்தகைய இடத்தில் சொட்டு நீர்ப் பாசனம் என்பது பயிரைக் காப்பாற்றும் வழியாகவே உள்ளது.

இரண்டாவது இடர் நிலமும் ஆளும். கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை சிப்காட், எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆகிய தொழிற்பேட்டைகள் இப்பகுதியின் இளைஞர்களை ஈர்க்கின்றன. சென்னையின் ஐந்தாவது குடிநீர் ஆதாரமாக 2020 ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்திற்காக விளைநிலங்களும் கையகப்படுத்தப்பட்டன. மல்லிகை மொட்டினை விடியுமுன் கையால்தான் பறிக்க வேண்டும். அதற்கு இயந்திரம் இல்லை. அதே விடியலில்தான் தொழிற்சாலைப் பேருந்தும் ஊருக்குள் வருகின்றது. மாத ஊதியமும் வைப்பு நிதியும் தரும் வேலையைவிட்டுப் பூப்பறிக்க வாருங்கள் என்று எவரையும் அழைக்க இயலாது. ஆகவே பூப்பயிரின் பரப்பைத் தீர்மானிப்பது மண்ணோ நீரோ அன்றி, வீட்டில் எத்தனைப் பேர் விடியற்காலையில் பறிக்க முன்வருவர் என்பதே எனலாம்.

வட்டார அலுவலரின் பணி

வட்டாரத்தின் தலைவர் தோட்டக்கலை உதவி இயக்குநர் ஆவார். அவருக்குக் கீழே தோட்டக்கலை அலுவலர், துணைத் தோட்டக்கலை அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலர் ஆகியோர் உள்ளனர். ஊர்களை நேரில் சென்று காண்பவர் உதவித் தோட்டக்கலை அலுவலர். ஒருவருக்குப் பல வருவாய்க் கிராமங்கள் பொறுப்பாக அமையும்.

அவருடைய ஆண்டு பயிரின் ஆண்டினைப் பின்பற்றிச் செல்லும். குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்ய அறிவுறுத்தப்படுகின்றது. கவாத்து செய்த செடி மார்ச்சு முதல் மிகுதியாகப் பூக்கும். அப்போது விலை சரியும். பனிக்காலத்தில் பூ அரிது, விலை உச்சம். சிறிதளவேனும் பனிக்காலப் பூக் கிடைக்குமா என்று கவாத்தை மாற்றிப் பார்க்கும் உழவரும் உளர். மாவில் பூப்பருவமான குளிர்காலத்தில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் தாக்கும். பூங்கொத்து வெளிப்படும் நேரத்தில் மருந்து தெளிப்பதா, மகரந்தச் சேர்க்கை செய்யும் ஈக்களும் தேனீக்களும் வரும் வரை பொறுப்பதா என்பது ஒவ்வோர் ஆண்டும் எழும் வினா. புத்தகம் ஒரு விடையைத் தருகின்றது. தோப்பை நேரில் கண்ட பின்னரே அதைப் பரிந்துரைக்க முடியும். கூடுதல் அறிவுரைக்கு மாவட்டத்தில் திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது.

மானியப் பணியின் நடைமுறையைச் சொட்டு நீர்ப் பாசனத்தைக் கொண்டு விளக்கலாம். தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு உழவர்களுக்கு 100 விழுக்காடும் ஏனையோருக்கு 75 விழுக்காடும் மானியம் வழங்கப்படுகின்றது. உழவர் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிக் கணக்கேட்டின் நகல், வட்டாட்சியர் தரும் சிறு குறு உழவர் சான்று ஆகியவற்றுடன் பதிவு செய்கின்றார். பின்னர்ப் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றார். அலுவலர் வயலை நேரில் ஆய்வு செய்து பரப்பைச் சரிபார்க்கின்றார். பணி ஆணை வந்த பின் நிறுவனம் குழாய்களை அமைக்கின்றது. மீண்டும் ஆய்வு நடைபெறுகின்றது. இட அமைவுக் குறியுடன் படம் எடுக்கப்படுகின்றது. அதன் பின்னரே மானியம் விடுவிக்கப்படும். ஒரே நிலத்திற்கு மறுபடியும் மானியம் பெற 7 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும்.

இவ்வளவு படிகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. குழாய் பதிக்காமலேயே பணம் பெறுவதைத் தடுப்பதற்காகவே அவை ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. ஆனால் பட்டா தாத்தாவின் பெயரில் இருப்பவரும், குத்தகைக்குப் பயிரிடுபவரும் முதற்படியையே தாண்டுவது கடினம். மேலும், ஆய்வும் படமும் பதிவேடும் அலுவலரின் நாளில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. முன்பு தோப்புக்குள் நடந்து இலையைப் புரட்டிப் பார்த்தவர் இப்போது வரப்பில் நின்று படம் எடுத்துத் திரும்புகின்றார் என்பது உழவர்களிடையே பொதுவாகக் கேட்கப்படும் குறை. அலுவலர் தரப்பில், இலக்கு எண்ணிக்கை மேலிடத்திலிருந்து வருவதும் பணியிடங்கள் காலியாக இருப்பதும் காரணமாகக் கூறப்படுகின்றன. இரு தரப்பிலும் உண்மை உண்டு.

நிழல்வலைக் குடில், சிப்பம் கட்டும் அறை, பந்தல் முதலியவற்றிற்கும் மானியம் உண்டு. எடுத்துக்காட்டாக, 2014 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 9 மீட்டருக்கு 6 மீட்டர் அளவுள்ள சிப்பம் கட்டும் அறைக்கு 4 இலட்சம் உரூபாய் செலவு மதிப்பிடப்பட்டு, அதில் பாதி மானியமாக அளிக்கப்பட்டது. மீதிப் பாதியை உழவரே முதலில் திரட்ட வேண்டும். எனவே இத்தகைய திட்டங்கள் ஓரளவு வசதி படைத்தவரையே சென்றடைகின்றன.

பேரிடர்க் காலப் பணி

2016 ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தில் மாமரங்களும் வாழையும் சாய்ந்தன. 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயலின் மழை இம்மாவட்டத்தின் வயல்களை மூழ்கடித்தது. இத்தகைய வேளைகளில் தோட்டக்கலை அலுவலரும் வருவாய்த் துறையின் கிராம நிர்வாக அலுவலரும் இணைந்து பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுக்கின்றனர். 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமுற்ற வயல்களுக்கே நிவாரணம் உண்டு. 2015 ஆம் ஆண்டிற்கு முன் இவ்வரம்பு 50 விழுக்காடாக இருந்தது.

2022 முதல் 2026 வரையிலான காலத்திற்குரிய பேரிடர் நிவாரண நெறிகளின்படி, பல்லாண்டுப் பயிர்களுக்கு எக்டேருக்கு 22,500 உரூபாய் இடுபொருள் உதவியாக வரையறுக்கப்பட்டது. உச்ச வரம்பு 2 எக்டேர். மாவைப் பழைய முறையில் 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் எக்டேருக்கு 100 மரங்கள் இருக்கும். அதாவது ஒரு மரத்திற்கு 225 உரூபாய். இருபது ஆண்டு வயதுடைய, ஆண்டுதோறும் காய்த்துவந்த மரமாயினும் தொகை இதுவே. நெல்லுக்கு வகுத்த முறையையே மரத்திற்கும் பொருத்தியதால் ஏற்பட்ட நிலை இது: ஒரு பருவத்தின் இழப்பை ஈடுசெய்யும் கணக்கில், இழந்த ஆண்டுகளுக்கு இடமில்லை. இழப்பைக் கணக்கெடுக்கும் அலுவலரால் இத்தொகையை மாற்ற இயலாது. ஆயினும் சாய்ந்த மரத்தை நிமிர்த்திக் கிளைகளைக் குறைத்து, வேர்ப்பகுதியில் மண் அணைத்து மீண்டும் தழைக்கச் செய்ய முடியுமா, அல்லது வெட்டிவிட்டுப் புதுக்கன்று நடுவதே சிறந்ததா என்று அவர் கூறும் அறிவுரை உழவருக்குப் பயன் அளிக்கும். அது புயல் கடந்த சில நாள்களுக்குள் கிடைக்க வேண்டும்.

பூங்காக்கள்

மேற்கூறிய உதகமண்டலம், குன்னூர், கொடைக்கானல் பூங்காக்களுடன் சென்னை கதீட்ரல் சாலையில் 2010 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவையும், அதே சாலையில் 2024 ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவையும் இத்துறை பராமரிக்கின்றது. ஊத்துக்கோட்டைப் பகுதியினருக்கு அண்மையில் உள்ளது மாதவரம் தோட்டக்கலைப் பூங்கா. கோடைக்காலத்தில் உதகையில் மலர்க் காட்சியும் ரோசாக் காட்சியும், குன்னூரில் பழக் காட்சியும், கோத்தகிரியில் காய்கறிக் காட்சியும் நடைபெறுகின்றன.

காட்சிக்கு வருவோர் காண்பது மே மாதத்து மலர்களை. அம்மலர்களுக்கான விதைப்பும் நாற்று மாற்றும் பணியும் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. அவ்வேலையைச் செய்வோர் பூங்கா, பண்ணைத் தொழிலாளர்கள். அவர்களுள் பலர் நெடுங்காலம் தினக்கூலிகளாகவே பணியாற்றியுள்ளனர். பணி நிரந்தரம், ஊதிய உயர்வு ஆகிய கோரிக்கைகள் நீலகிரியில் பலமுறை போராட்டங்களாக வெளிப்பட்டுள்ளன. தோட்டக்கலைத் துறையின் பணிவாய்ப்புகளைப் பட்டியலிடும் நூல்கள் பெரும்பாலும் இவர்களைக் குறிப்பிடுவதில்லை. ஒட்டுக்கட்டுதலில் இவர்களுடைய கைத்திறனே பண்ணைகளின் மூலதனம் என்பது அங்குப் பணியாற்றிய அலுவலர் எவரும் மறுக்காத செய்தி.

கல்வியும் பணி நுழைவும்

துறையில் அலுவலராக நுழைய மூன்று வாயில்கள் உள்ளன. மூன்றுக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமே தேர்வு நடத்துகின்றது.

முதலாவது உதவித் தோட்டக்கலை அலுவலர் பணி. இதற்குத் தோட்டக்கலைப் பட்டயம் வேண்டும். மேல்நிலைக் கல்விக்குப் பின் இரண்டாண்டுப் படிப்பான இதனைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிறுவனங்களும் அதனுடன் இணைந்த நிறுவனங்களும் கற்பிக்கின்றன. சென்னை மாதவரம், கிருட்டிணகிரி மாவட்டத்துத் தளி, திண்டுக்கல் மாவட்டத்து ரெட்டியார்சத்திரம் ஆகிய இடங்களில் துறையே இப்படிப்பை நடத்திவந்துள்ளது. தளியிலும் ரெட்டியார்சத்திரத்திலும் இசுரேல் நாட்டுத் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் அமைந்த மகத்துவ மையங்கள் உள்ளன. முன்னது கொய்மலருக்கும் பின்னது காய்கறிக்கும் உரியது.

இரண்டாவது தோட்டக்கலை அலுவலர் பணி. இதற்கு நான்காண்டு இளம் அறிவியல் தோட்டக்கலைப் பட்டம் தேவை. கோயம்புத்தூர், பெரியகுளம் ஆகிய இடங்களிலும், திருச்சிராப்பள்ளியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் மகளிர்க்கெனவும் அரசு தோட்டக்கலைக் கல்லூரிகள் உள்ளன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இப்பட்டப்படிப்பு உண்டு. சேர்க்கை மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணின் அடிப்படையில் கலந்தாய்வு மூலம் நடைபெறுகின்றது.

மூன்றாவது தோட்டக்கலை உதவி இயக்குநர் பணி. நேரடி நியமனத்திற்குத் தோட்டக்கலையில் முதுநிலைப் பட்டம் வேண்டும்.

2017 ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தின்படி இப்பணிகளின் தொடக்க அடிப்படை ஊதியம் முறையே 20,600, 37,700, 56,100 உரூபாய் ஆகும். அகவிலைப்படி முதலியவை தனி. அடுத்தடுத்த படிகள் துணை இயக்குநர், இணை இயக்குநர், கூடுதல் இயக்குநர் என்பன. மாவட்டப் பொறுப்பு பொதுவாகத் துணை இயக்குநர் அல்லது இணை இயக்குநர் நிலையில் உள்ளது. இயக்குநர் பதவிக்கு இந்திய ஆட்சிப் பணி அலுவலர் அமர்த்தப்படுவதும் உண்டு.

தேர்வில் பாடத்தாள் ஒன்றும், தமிழ்த் தகுதித் தேர்வும் பொது அறிவும் அடங்கிய தாள் ஒன்றும் உள்ளன. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறாதவரின் ஏனைய விடைகள் மதிப்பிடப்படுவதில்லை. இது 2021 ஆம் ஆண்டு இறுதியில் வந்த மாற்றம். ஆங்கில வழியில் பயின்ற பட்டதாரிகள் இதனைச் சுமையாகக் கருதக்கூடும். ஆனால் உழவரிடம் பேசவும் எழுதவும் வேண்டிய பணிக்கு இது பொருத்தமற்ற நிபந்தனை அன்று.

மாணவர் முன்னரே அறிந்திருக்க வேண்டியது, அறிவிக்கைகள் ஆண்டுதோறும் தவறாமல் வருவதில்லை என்பது. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான இடங்கள் ஒரே முறையில் நிரப்பப்படுகின்றன. பின்னர் நெடிய இடைவெளி. இடைவெளியில் படிப்பை முடித்தவர் வயது வரம்பையும் குடும்பச் சூழலையும் கருதி வேறு வேலையில் சேர்ந்தபடியே காத்திருக்க நேரிடுகின்றது. பட்டயம் பெற்றோருக்கு இந்நெருக்கடி மிகுதி. அவர்களின் படிப்புக்கு நேராக உரிய அரசுப் பணி பெரும்பாலும் உதவித் தோட்டக்கலை அலுவலர் பணி ஒன்றே.

துறைக்கு வெளியே

பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்குத் தோட்டக்கலைப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம்; தேர்வு ஆண்டுதோறும் நடப்பதால் அரசுத் துறைக்குக் காத்திருப்போரில் பலர் முதலில் சேர்வது இப்பணியில்தான். ஆராய்ச்சியை நாடுவோர் முனைவர் பட்டம் பெற்று வேளாண் அறிவியலாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதுகின்றனர். பெங்களூரு அருகே எசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும், திருச்சிராப்பள்ளியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இவ்வழியில் அமைந்தவை. விதை நிறுவனங்கள், சொட்டு நீர்க் கருவி நிறுவனங்கள், பழக்கூழ் ஆலைகள் ஆகியவை பட்டயதாரரையும் பட்டதாரியையும் களப்பணிக்கு எடுக்கின்றன. ஊத்துக்கோட்டைக்கு அடுத்த சித்தூர் பகுதியில் தோத்தாபுரி மாவைக் கூழாக்கும் ஆலைகள் பல உள்ளன.

கும்மிடிப்பூண்டிப் பகுதிக்கே உரிய ஒரு வாய்ப்பும் உண்டு. சுற்றுச்சூழல் அனுமதி பெறும் தொழிற்சாலைகள் தம் வளாகத்தின் ஒரு பகுதியைப் பசுமை வளையமாக வைத்திருக்குமாறு பெரும்பாலும் நிபந்தனை விதிக்கப்படுகின்றது. தூசியையும் வெப்பத்தையும் தாங்கும் மரங்களைத் தெரிவு செய்தல், சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரின் உப்பை எச்செடி பொறுக்கும் என்று அறிதல், ஆய்வுக்கு வருவோருக்குக் கணக்குக் காட்டுதல் ஆகியவற்றுக்குத் தோட்டக்கலை பயின்றவர் தேவைப்படுகின்றார். இவ்வேலை பெரும்பாலும் ஒப்பந்ததாரரிடம் விடப்படுவதால் ஊதியம் சீராக இருப்பதில்லை. எனினும் சொந்த நாற்றங்கால் வைத்திருப்பவர் கன்று வழங்குதல், நடுதல், பராமரித்தல் ஆகிய மூன்றையும் தாமே ஒப்பந்தமாக எடுத்துச் செய்ய இயலும். சென்னையின் வீட்டுத் தோட்டங்களுக்கும் அடுக்ககங்களுக்கும் செடி விற்கும் நாற்றங்கால்காரருக்கு இது மழைக்காலம் முடிந்த பின்னும் தொடரும் வருவாய் ஆகும்.